அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும்

பழைய கோயில் மண்டபம் எதையாவது பாருங்கள், தூண்கள் நெருக்கமாகத்தான் நிற்கும். அழகுக்காக அப்படி வைத்தார்கள் என்று தோன்றும். அழகும் உண்டு, ஆனால் முதல் காரணம் கல்லே. தூண்களை இன்னும் தள்ளி வைத்திருந்தால், மேலே குறுக்கே கிடக்கும் கல் உத்தரம் தன் பாரத்திலேயே நடுவில் முறியும்.

நல்ல கிரானைட்டை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 முதல் 2,500 கிலோ எடை வரை வைத்து அழுத்தினால்தான் நொறுங்கும். அதே கல்லை இரண்டு பக்கமும் இழுத்தால் இதில் பத்தில் ஒரு பங்கு விசையே போதும், பல சமயம் அதற்கும் குறைவு. தூணுக்கு வருவது அழுத்தம் மட்டும்தான், அதனால் அது அசையாது. உத்தரம் லேசாக வளைகிறது. வளையும்போது அதன் மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் அடியில்தான் தொடங்கும்.

கருங்கல் என்றால் உறுதி, கல் நெஞ்சு என்றால் எதற்கும் அசையாத மனசு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஏன் இப்படி என்று தெரிய கல்லின் உள்ளே போக வேண்டும்.

கிரானைட் ஒரே பொருள் இல்லை. மெருகேற்றிய சாம்பல் நிறப் பலகை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போலக் கலங்கலாகத் தெரிவது குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கல்லில் பெரும்பங்கு இதுதான், கல்லின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் இதுதான். கருப்புச் செதில்கள் மைக்கா, நம் ஊர்ப் பெயரில் காக்காப்பொன். அந்தக் கருப்புப் புள்ளிகளில் மட்டும் மெருகு சரியாக ஏறாமல் பொடிப் பள்ளங்கள் இருக்கும். கடினத்துக்கான பத்துப் புள்ளி மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. மைக்காவோ 3-ஐத் தொட்டாலே அதிகம், நகத்தால் உரித்துவிடலாம்.

பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாக, பல்லாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆறும்போது இவை படிகமாகின்றன. நிதானம் இருப்பதால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. எரிமலையிலிருந்து வெளியே கொட்டி அவசரமாக ஆறிய பசால்ட்டில் இதைப் பார்க்க முடியாது. பொதுவாகக் கடைசியில் உறைவது குவார்ட்ஸ். மற்றவை இடம்பிடித்த பிறகு மிஞ்சிய சந்துபொந்துகளில் அது போய் நிரம்புகிறது. ஒன்றின் விளிம்பு இன்னொன்றுக்குள் புகுந்து பின்னிக்கொள்வதால் கல்லுக்கு வலு.

வலு வந்த அதே வழியில் வம்பும் வருகிறது. உறைந்த பிறகும் கல் பல நூறு டிகிரி ஆற வேண்டும். குவார்ட்ஸ் அப்போது ஃபெல்ட்ஸ்பாரைவிட அதிகமாகச் சுருங்கும். பின்னிக் கிடக்கும் இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்கினால் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழத்தான் செய்யும். கல்லை அழுத்தினால் அவை மூடிக்கொள்ளும், இழுத்தால் ஒவ்வொன்றும் வாயைத் திறக்கும்.

கல்தச்சர்களுக்கு இந்த இயற்பியல் கைப்பழக்கமாகவே தெரியும். பாறையில் கோடு போட்ட மாதிரி வரிசையாகக் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டுவார்கள். ஆப்பு கல்லை அழுத்துவதில்லை, பக்கவாட்டில் விலக்குகிறது. அது இழுப்பதற்குச் சமம். எல்லா ஆப்பும் இறுகிய பிறகு ஒரு கட்டத்தில் குழியிலிருந்து குழிக்கு விரிசல் தாவி, டன் கணக்கில் எடையுள்ள பாறை நேர்க்கோட்டில் இரண்டாகும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழி வரிசைகளை இன்றும் பார்க்கலாம்.

தீயும் இதே வேலையைச் செய்யும். 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி, திடீரென்று உப்பும். அதற்கு முன்பே மேற்பரப்பு உள்பக்கத்தைவிட வேகமாகச் சூடேறி விரிந்து, செதில் செதிலாகத் தெறிக்கும். வழுக்காத வெளிப்படிகளுக்கு விற்கும் சொரசொரப்பான கிரானைட்டை இப்படித்தான் தீச்சுவாலை காட்டித் தயாரிக்கிறார்கள். தீ விபத்து நடந்த கல் கட்டடத்தைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மழைக்கு இத்தனை அவசரம் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த நீர் நுண்விரிசல்களில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக் களிமண்ணாக்குகிறது. மைக்காவிலுள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாகிறது. குவார்ட்ஸை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் அது உதிர்ந்து மணலாகிறது. ஆற்று மணலில் குவார்ட்ஸ் மிகுந்திருப்பது இதனால்தான்.

அப்புறம், கடையில் கிரானைட் என்று விற்பதெல்லாம் கிரானைட் இல்லை. மெருகேறும் கடினமான கல் எதுவானாலும் வியாபாரத்தில் அதே பெயர்தான். காஷ்மீர் ஒயிட் என்பது மதுரை மேலூர்ப் பக்கத்துக் கல். அதிலுள்ள செம்புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் கிரானைட்டுக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதிக வெப்பத்தில், நீர் குறைந்த நிலையில் உருவானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இதே வகைக் கல் என்பதால், 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார்.

சமையலறை மேடைக்கு வாங்கும் கருப்பு கிரானைட் பெரும்பாலும் பசால்ட்டுக்கு உறவான டோலரைட் அல்லது கேப்ரோ. வெளிர் நிற நிஜக் கிரானைட்டில் எலுமிச்சைச் சாறு சிந்தினால், மார்பிளைப் போல அரிக்காது. ஆனால் எண்ணெயும் மஞ்சளும் நுண்விரிசல் வழியாக இறங்கிக் கறையாக நின்றுவிடும். அதற்குத்தான் சீலர் பூசுகிறார்கள். அதுவும் நிரந்தரம் இல்லை. பலகையில் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த இடம் கருத்திருந்தால் மறுபடி பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.