அந்தப் படத்தில் எதைப் பார்க்கப் போகிறீர்கள், டாக்டர்?

"போன மாசம்தானே ஒரு எக்ஸ்ரே எடுத்தீங்க, மறுபடியுமா?" என் பல் சிகிச்சை நாற்காலியில் உட்காருபவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியை ஒரு வயதான அம்மா கேட்டார்: "அந்தப் படத்துல எதைப் பார்க்கப் போறீங்க?" பயம் இல்லாத, நேரான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி தடுமாறினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து எக்ஸ்ரே எழுதும் முன் அதையே என்னிடம் கேட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

நீங்கள் வாயைத் திறந்தால் என் கண்ணுக்குத் தெரிவது பல்லின் மேல்பகுதி மட்டும்தான். வேர் முழுக்க எலும்புக்குள் இருக்கிறது. இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தையும் நேரில் பார்க்க முடியாது. சொத்தைக்கு அந்த இடம்தான் பிடிக்கும். வெளியே பல்லின் கடினமான மேலுறையான எனாமல் முழுசாக இருக்கும், உள்ளே குடைந்துகொண்டே போகும், வலியும் இருக்காது. பல் சுத்தம் செய்ய மட்டும் வந்த ஓர் இளைஞருக்கு, அட்டையைக் கடித்தபடி எடுக்கும் பைட்விங் படத்தில் இப்படி இரண்டு இடங்கள் தெரிந்தன. ஒன்று எனாமலோடு நின்றிருந்தது. அதை நான் தொடவில்லை. ஃபுளோரைடும், தினமும் பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்வதும் போதும் என்றேன். இன்னொன்று எனாமலைத் தாண்டி அதன் அடியிலுள்ள டென்டினுக்குள் நன்றாக இறங்கியிருந்தது, அதை அடைத்தேன். ஒரே படம், ஒரே வாய், இரண்டு வேறு முடிவுகள்.

வலிக்கிற ஒரு பல்லின் வேர்நுனி வரை பார்க்க ஒரு சின்னப் படம் போதும். ஞானப்பல் எப்படிப் படுத்திருக்கிறது, கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க, தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி. இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) வைக்க எலும்பின் அகலம் தெரிய வேண்டுமென்றால், முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி.

சரி, படம் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. நோயாளிகளிடம் நாங்கள் போதுமான அளவு சொல்லாத விஷயம் இது. பல்லிலிருந்து தாதுக்கள் கணிசமாகக் கரைந்த பிறகுதான் சொத்தை படத்தில் கறுப்பாக விழும். அதனால் படத்தில் தெரிவதைவிட உண்மையான சொத்தை பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். பல்லில் விழுந்த மெல்லிய விரிசல் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அப்புறம், அது ஒரு நிழல்படம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதில் மாட்டியிருப்பேன். கீழ்வரிசையில் ஒரு முன்கடைவாய்ப்பல், வேர்நுனியில் வட்டமாக ஒரு கறுப்பு. சீழ்தான் என்று முடிவு செய்து ரூட் கெனாலுக்குத் தயாராகிவிட்டேன். மூத்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "குளிர் வச்சுப் பார்த்தியா?" என்றார். வைத்தேன். பல் சட்டென்று கூசியது. உள்ளே நரம்பு செத்திருந்தால் கூசியிருக்காது. இது உயிரோடு இருக்கிற பல். கோணத்தைச் சற்று மாற்றி இன்னொரு படம் எடுத்தபோது அந்தக் கறுப்பு வேரை விட்டுத் தள்ளிப் போய் நின்றது. உதட்டுக்குப் போகும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் துளை அது. எல்லோருக்கும் இருப்பது. அந்த இரண்டாவது படம் ஒரு நல்ல பல்லைக் காப்பாற்றியது. "மறுபடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி கதிர்வீச்சு. எக்ஸ்ரேக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. ஜெர்மன் விஞ்ஞானி ரான்ட்ஜென் அதைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். சில வாரங்களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே படம் எடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் ஆண்டுக்கணக்கில் கதிருக்கு முன் கையைக் காட்டி, புற்றுநோயில் விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். இன்றைய டிஜிட்டல் கருவியில் கதிர் பாய்வது ஒரு நொடியில் சிறு பங்குதான்.

உடம்பில் படும் கதிரை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். சின்னப் படம் ஒன்றுக்குச் சுமார் 5 மைக்ரோசீவர்ட், பல சமயம் அதற்கும் குறைவு. ஓபிஜி என்றால் ஏறக்குறைய 10 முதல் 25. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் இயற்கையாகவே விழும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட், நாளொன்றுக்கு ஆறேழு. ஆக, ஒரு சின்னப் படம் என்பது ஒரு நாள் வாழ்க்கைக்குள் அடங்கிவிடும். சிபிசிடி அப்படியில்லை. கருவியையும் படம்பிடிக்கும் பரப்பையும் பொறுத்து அது சில பத்துகளிலிருந்து பல நூறுகள் வரை போகும். அதைச் சகட்டுமேனிக்கு எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

"பாதுகாப்பானதுன்னா நீங்க ஏன் வெளியே ஓடுறீங்க?" நியாயமான கிண்டல். உங்களுக்கு எப்போதோ ஓரிரு படம். எனக்கும் என் உதவியாளருக்கும் தினமும், வருடக்கணக்கில். உங்களுக்கு அதனால் ஒரு பலன் உண்டு, எங்களுக்கு இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே எங்கள் மேல் படுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

கதிரைத் தடுக்க உடம்பின் மேல் போடும் ஈய ஏப்ரனைப் போடவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கதிரைப் பல்லின் அளவுக்குக் குறுக்கிவிடும் இன்றைய கருவிகளில் அவற்றால் பெரிய லாபமில்லை. சில சமயம் படத்தையே மறைத்து, மறுபடி எடுக்க வைத்துவிடும். சில நாடுகளின் விதிகள் இன்னும் ஏப்ரன் போடச் சொல்கின்றன, நீங்கள் கேட்டாலும் தாராளமாகப் போடலாம்.

கர்ப்பிணிகளுக்கு: அவசியமானால் எடுக்கலாம். கதிர் வயிற்றை நோக்கிப் போவதில்லை, சீழ் பிடித்த பல்லைப் பல மாதம் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆனாலும் கர்ப்பமாக இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள், அவசரமில்லாததை ஒத்திவைக்கலாம். பாலூட்டுபவர்களுக்குத் தடையே இல்லை. படம் எடுத்த பிறகு உடம்பில் கதிர் எதுவும் தங்காது. குழந்தைகளுக்கு இன்னும் கவனமாக, தேவைக்கு மட்டும்.

எனக்குக் கோபம் வருவது, வாயையே திறந்து பார்க்காமல் வந்தவர்கள் எல்லோரையும் முதலில் ஓபிஜிக்கு அனுப்பும் வழக்கத்தைப் பார்க்கும்போதுதான்.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். டிஜிட்டல் என்றால் திரையை மொபைலில் படம்பிடித்துக்கொள்வதற்குப் பதில் அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வேறோர் இடத்தில் ரூட் கெனால் செய்துகொண்ட ஒருவர் சோதனைக்காக வந்தார். வலி இல்லை. புதுப் படத்தில் வேர்நுனியில் கறுப்பு. அதை மட்டும் பார்த்திருந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது, மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பேன். பையிலிருந்து ஒரு கசங்கிய கவரை எடுத்து நீட்டினார், ஒரு வருடத்துக்கு முந்தைய படம். அதில் இருந்த கறுப்பு இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. எலும்பு மெல்ல வளர்ந்து மூடிக்கொண்டிருந்தது. பல்லைத் தொடாமல், அடுத்த வருடம் அதே கவரோடு வரச் சொல்லி அனுப்பினேன்.