ஒளி பட்டால் நீளும் செல்

“ஓசிடி ஸ்கேனில் விழித்திரை நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் அம்மாவுக்குப் பார்வை மங்குகிறது?” என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். காரணத்தைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓசிடி, அதாவது ஒளியைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன், காட்டுவது விழித்திரையின் அடுக்குகளை மட்டுமே. செல் இருக்கிறதா என்று தெரியும்; வேலை செய்கிறதா என்று தெரியாது. கண்ணில் மின்முனை வைத்து எடுக்கும் இஆர்ஜி என்ற சோதனை வேலையைக் காட்டும், ஆனால் லட்சக்கணக்கான செல்களின் மின்துடிப்பை மொத்தமாகக் கூட்டித்தான் காட்டும்.

தனித்தனி செல்லின் வேலையைக் கண்ணைத் தொடாமலே பார்க்கும் முறைக்கு ஆப்டோரெட்டினோகிராபி என்று பெயர். விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்பு செல்லில் ஒளியை உள்வாங்கும் பகுதி, பளிச்சென்று ஒளி பட்டதும் முதல் சில மில்லிவிநாடிகளில் சற்றுச் சுருங்கி, பிறகு மெதுவாக நீள்கிறது. வேதிவினையில் புதிய மூலக்கூறுகள் சேர, நீர் உள்ளே புகுந்து செல் உப்புகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். நீள்வதோ அதிகம் போனால் சில நூறு நானோமீட்டர். ஓசிடி பிரித்துக் காட்டும் நுணுக்கமே சில மைக்ரோமீட்டர்தான் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஆயிரம் நானோமீட்டர்). போதாததற்குக் கண் ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை.

பிறகு எப்படி அளக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓசிடி கருவி அனுப்பும் அகச்சிவப்பு ஒளி, செல்லின் அந்தப் பகுதியின் இரண்டு முனைகளிலிருந்தும் திரும்பி வருகிறது. இரண்டு அலைகளின் முகடுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்திப் பிந்தி வருகின்றன என்று பார்க்கிறார்கள். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் அதில் அடுத்தடுத்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது அல்லவா? அப்படித்தான் கண் அசைந்தால் இரு முனைகளும் சேர்ந்தே நகரும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அசைவு காணாமல் போய்விடும். மிஞ்சுவது செல்லின் நீட்சி மட்டுமே. அலையில் சிறு பின்னம் விலகினாலும் தெரியும் என்பதால் நானோமீட்டர் கணக்கு கைக்கு வருகிறது.

2016இல் ஜெர்மனியின் லூபெக் ஆய்வாளர்கள் மனிதக் கண்ணில் இப்படி அளந்து காட்டினார்கள். 2019இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகக் குழு, எந்த நிற ஒளிக்கு எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்தே மூவகைக் கூம்புகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டது. செல்களைத் தனித்தனியாகத் தெளிவாகக் காண அவர்களுக்குக் கைகொடுத்தது, கண்ணுக்குள் ஒளி சிதறிக் கலங்குவதை ஈடுகட்டும்படி வடிவம் மாறும், ஒளியை எதிரொளிக்கும் கண்ணாடி. அதன் மூல யோசனை 1953இல் வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் நட்சத்திரப் படங்களின் கலங்கலை நீக்கச் சொன்னது. விண்மீன் ஆராய்ச்சிக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கண்ணாடியைத்தான் காட்டுவேன்.

பரம்பரை விழித்திரை நோய்களுக்கு மரபணு சிகிச்சை வந்துகொண்டிருக்கும் நேரம் இது. எந்த இடத்தில் காப்பாற்றக்கூடிய செல்கள் மிஞ்சியிருக்கின்றன, சிகிச்சைக்குப் பிறகு அவை ஒளிக்கு அசைகின்றனவா என்பதை இந்த அளவீடு நேரடியாகச் சொல்ல முடியும். ஆனால் இது இன்னும் பெரும்பாலும் ஆய்வகக் கருவிதான். வாசகியின் அம்மாவுக்கு எடுத்த வழக்கமான ஓசிடியில் இந்த வசதி இருக்காது. பார்வை மங்கல் தொடர்ந்தால், செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை ஏதும் தேவையா என்று டாக்டரிடம் அவர் தயங்காமல் கேட்கலாம்.