கவுனைப் பிடிக்கப் போன கை

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மச்சிக்கு வயது 68. பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், விடியற்காலை நாலரை மணிக்குத் தனியாக எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறார். ஒரு கை டிரிப்ஸ் ஸ்டாண்டில். மறு கை முதுகுக்குப் பின்னால், ஆஸ்பத்திரியில் கொடுத்த, பின்பக்கம் திறந்த கவுனின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தபடி. கழிப்பறை வாசலில் கால் தட்டியது. சுவரைப் பிடிக்கக் கை இல்லை. பித்தப்பைக்காக வந்தவர் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனார்.

"மணியடித்து எங்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, அம்மச்சி?" என்று கேட்டேன்.

"மகன் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தான். மணிச் சத்தத்தில் அவன் எழுந்துவிட்டால், இந்தக் கோலத்திலா அவன் முன்னால் நடப்பேன், மக்களே?"

பதிவேட்டில் 'நோயாளி தவறி விழுந்தார்' என்று எழுதினோம். கவுன் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. 22 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். இப்படிக் கை இல்லாமல் விழுந்தவர்களில் இவர் முதல் ஆள் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு என்ன வெட்கம்?" என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. என்னை எரிச்சலூட்டுவது அதைவிடப் படித்த ஒரு வாதம்: "முதுகு திறந்திருந்தால்தான் வைத்தியம் பார்க்க வசதி." எதற்கு வசதி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நினைவில்லாமல் படுத்திருப்பவரைத் தூக்காமல் உடை மாற்ற வசதி, ஒப்புக்கொள்கிறேன். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட வசதி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். படுக்கையிலேயே மலம் கழிப்பவருக்கும் சரி. இவர்களைத் தவிர மற்றவர்களுக்கு? ஈசிஜி எடுக்கும்போது ஆறு முனைகளை ஒட்டுவது நெஞ்சில். நெஞ்சு முன்பக்கம் இருக்கிறது. வயிற்று ஸ்கேன் எடுப்பது வயிற்றில், அதுவும் முன்பக்கம்தான். பின்னால் திறக்கும் கவுன் போட்டவருக்கு வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டுமானால், முழங்காலிலிருந்து துணியை நெஞ்சு வரை சுருட்ட வேண்டும். பார்க்க வேண்டியது ஒரு சாண் இடம். திறப்பது பாதி உடம்பு. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடுப்போரம் நாடா கட்டும் கவுனில் அந்த ஒரு சாணை மட்டும் விலக்கினால் போதும். ஆகவே யாருக்கு வசதி என்ற கேள்விக்குப் பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வெட்கம் மருத்துவ விஷயம் இல்லை என்பவர்கள் எங்கள் வார்டில் ஒரு நாள் உட்காரட்டும். அறுவை சிகிச்சை முடிந்தவரை நட, நட என்று விரட்டுகிறோம். நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். ஆனால் வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அந்தக் கவுனோடு யார் நடப்பார்கள்? கட்டிலை விட்டு இறங்குவதில்லை. சிறுநீரை அடக்குகிறார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. ஆண்களும் இப்படித்தான். சாரத்தை (லுங்கியை) வாங்கி வைத்துவிட்டால், கடலில் அலையோடு மல்லுக்கட்டும் ஆள்கூடப் போர்வைக்குள் முடங்கிவிடுகிறார்.

தோளை மறைக்கத் துணி போட்டதற்காகப் பெண்கள் அடிபட்ட மண் இது. அந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது, அதுவும் அரைமனதாக. நைட்டியின் மேல் ஒரு துவர்த்தை (துண்டை) போடாமல் வாசல் தாண்டாத பெண்களிடம், வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்தத் துவர்த்தைத்தான் வாங்கி வைக்கிறோம்.

தீர்வு தையல்காரருக்குத் தெரிந்ததுதான். முன்பக்கம் திறந்தாலும் பின்பக்கம் திறந்தாலும், இரண்டு ஓரங்களும் வெறுமனே தொட்டு நிற்காமல், ஒரு முழம் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். நாடா பிடரியில் வேண்டாம். ஊசி ஏறிய கையோடு அங்கே முடிச்சுப் போட எவராலும் முடியாது. விலாப் பக்கம் இருக்கட்டும். தோளில் பிரஸ் பட்டன் வைத்தால் டிரிப்ஸைக் கழற்றாமல் உடை மாற்றலாம், தாய் பால் கொடுக்கலாம். பட்டன் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். எம்ஆர்ஐ அறைக்குள் இரும்பு ஆகாது. வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். பத்து வெள்ளாவியில் பஞ்சு ஏறிப் பிடிப்பு போய்விடும். குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும். 'எல்லோருக்கும் ஒரே அளவு' என்பது பருமனானவருக்கு மூடாது, ஒல்லியானவருக்குக் காலில் தட்டும். துணி கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் சீக்கிரம் உலரும் மெல்லிய துணியையே வாங்குகிறார்கள். பிளீச்சிங் போட்டுப் போட்டு அது வலைபோல ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2010இல் ஒரு ஆடை வடிவமைப்பாளரை வைத்துப் புதிய கவுன் கொண்டுவந்தது. நமக்கு அவ்வளவு பெரிய ஆள் தேவையில்லை. மார்த்தாண்டத்தில் நைட்டி தைக்கும் எந்த அக்காவும் போதும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை. இரண்டு கவுன் கேளுங்கள்: ஒன்றைப் பின்பக்கம் திறக்கும்படியும், அதன் மேல் இன்னொன்றைக் கோட்டு போல முன்பக்கம் திறக்கும்படியும் போடுங்கள். கொடுக்க மறுத்தால் போர்வை கேளுங்கள். வார்டில் இருக்கும் நாட்களுக்கு, முன்னால் பட்டன் வைத்த துவைத்த நைட்டியைப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், பலருக்கும் தடையில்லை. கை எக்ஸ்ரேக்கு உடை மாற்றச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. துணைக்கு இருக்கும் மகன்களே, அம்மா எழுந்தால் வெளியே போய் நில்லுங்கள், அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

என் சகோதரிகளான செவிலியர்களுக்கு: திரையை இழுத்துவிட்டுப் போர்வையை விலக்குங்கள். வரிசை மாறக் கூடாது. அவ்வளவுதான்.

அம்மச்சிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மணியை அடியுங்கள். பாதி ராத்திரியானாலும் பரவாயில்லை. பின்னால் கவுனைப் பிடிக்க நான் வருகிறேன். உங்கள் கை சுவரில் இருக்கட்டும்.