லைபேஸ் 2,000 என்றால் பயப்பட வேண்டுமா?

மேல்வயிற்றில் கடுமையான வலி. அது முதுகுவரை பாய்கிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. வாந்தி எடுத்த பிறகும் வலி அடங்கவில்லை. இப்படி ஒருவர் வந்தால் மருத்துவர் கணைய அழற்சியைச் சந்தேகிப்பார்; லைபேஸ் என்ற கணைய நொதியை ரத்தத்தில் அளந்து பார்ப்பார். ஆனாலும் முதலில் இ.சி.ஜி. எடுத்துவிடுவார். இதயத்தின் கீழ்ச்சுவரில் ஏற்படும் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வேடம் போடும். 'வாயுதான்' என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணையம் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைச் செயலற்ற வடிவில்தான் தயாரிக்கிறது. சிறுகுடலுக்குப் போன பிறகே அவை வேலையைத் தொடங்க வேண்டும். பித்தப்பைக் கல் பாதையை அடைத்தாலோ, மது செல்களைத் தாக்கினாலோ, அவற்றில் ஒன்றான டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு பிறந்த வீட்டையே செரிக்கத் தொடங்கிவிடுகிறது. சிதைந்த செல்களிலிருந்து அமைலேஸ், லைபேஸ் ஆகிய நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. பரிசோதனைக்கூடம் அளப்பது இந்தக் கசிவைத்தான்.

இரண்டில் லைபேஸே நம்பகமானது. அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவதால் பொன்னுக்கு வீங்கியிலும் உயரும். மூன்று முதல் ஐந்து நாட்களில் இறங்கியும்விடும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஐந்தாம் நாள் வருபவரிடம் அது இயல்பாகவே இருக்கலாம். லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே நிற்கும்.

கணைய அழற்சியைக் கண்டறிய மருத்துவர்கள் பின்பற்றும், 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறைப்படி, மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி: அதற்கே உரிய வலி, இயல்பின் உச்சவரம்பைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்த நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம். முதல் இரண்டும் பொருந்திவிட்டால் சி.டி. ஸ்கேனுக்கு அவசரமில்லை. முதல் நாளிலேயே எடுத்தால், திசு எவ்வளவு அழுகப்போகிறது என்பது அதில் சரியாகத் தெரியாது. மூன்று நாட்களாவது கழிந்தால்தான் படம் தெளியும்.

குடும்பத்தினர் பெரும்பாலும் தடுமாறுவது எண்ணில்தான். லைபேஸ் 2,000 உள்ளவர் சில நாட்களில் நடந்தே வீடு திரும்பலாம்; 600 உள்ளவர் தீவிர சிகிச்சைக்குப் போகலாம். நோய் உண்டா என்பதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. தீவிரத்தைச் சொல்வது மூச்சு, ரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவைதான். உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால்தான் 'தீவிரம்' என்பார்கள். தினமும் லைபேஸ் பார்ப்பது, என் கணக்கில், வீண் செலவு.

அல்ட்ராசவுண்ட் மட்டும் முதல் நாளே தேவை. குடலில் உள்ள காற்று கணையத்தை மறைத்தாலும் பித்தப்பை பெரும்பாலும் தெரிந்துவிடும். அங்கே கல் இருந்து, அழற்சியும் லேசானதாக இருந்தால், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே பித்தப்பையை அகற்றிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால், அடுத்த கல் எப்போது வேண்டுமானாலும் இறங்கும்.