மட்டக்குதிரை முரண்டு பிடித்தால் முதலில் அதன் வாயைத் திறந்து பாருங்கள்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். சந்தையில் சாதுவாக நின்ற மட்டக்குதிரை, தோட்டத்துக்கு வந்ததும் கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது, கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே தலையை வானத்துக்குத் தூக்குகிறது, பிள்ளையை ஏற்றினால் ஆணி அடித்தது போல் நிற்கிறது. "முரட்டுக் குதிரையைத் தலையில் கட்டிட்டாங்க டாக்டர், ரெண்டு போட்டா சரியாயிடுமா?" என்று கேட்பார்கள்.

ஆகாது. அடித்தால் அந்த நேரத்துக்கு நகரும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அடியை நம்புகிறார்கள். குதிரை மற்ற விலங்குகளுக்கு இரையாகிப் பழகிய இனம், பயம் வந்தால் ஓடத்தான் அதற்குத் தெரியும், ஓட வழியில்லை என்றால் உறைந்து நின்றுவிடும். நாம் பிடிவாதம் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்த உறைதல், அல்லது வலி, அல்லது நாம் என்ன கேட்கிறோம் என்றே புரியாத குழப்பம். கேட்டுக்குப் பக்கத்தில் அடி வாங்கிய குதிரை கேட்டையும் அடியையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அது பயந்தது சரிதான் என்று நாமே அதற்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் பழக்குவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை முன்பற்கள் ஜோடி ஜோடியாக விழுந்து முளைக்கும், கடைவாயிலும் அதே காலத்தில் பல் மாறும், வாய் முழுக்க நோவாக இருக்கும். சில குதிரைகளுக்கு மேல் தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் இருக்கும், கடிவாளத்தின் இரும்பு அதில் இடித்தால் சுள்ளென்று வலிக்கும். வயதான குதிரைகளில் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கூராகி உள்கன்னத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருக்கும், அதை அரம் வைத்து ராவிவிட்டாலே பாதி முரண்டு போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் முதுகு. சேணத்தை இறக்கிவிட்டு முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள், வலி உள்ள இடத்தில் தோல் துடித்து முதுகு அமுங்கும். குளம்பின் அடியில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் வந்தால் அழுகல்.

எடையும் முக்கியம். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாமல் இருப்பது நல்லது, அதாவது 200 கிலோ உள்ள மட்டக்குதிரைக்கு 40 கிலோ. சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் மட்டக்குதிரைக்கு அதிகபட்ச சுமை 70 கிலோ என்று இருக்கிறது, முள் வைத்த கடிவாளமும் அதே விதிகளின்படி தடை செய்யப்பட்டதுதான். ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் வாட்டசாட்டமான பெரியவர்கள் இந்தச் சின்ன உருவத்தின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

சரி, வலி இல்லை என்று உறுதியாகிவிட்டது, இன்னும் நிற்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் செம்பட்டை நிற மட்டக்குதிரை ஒன்று, வாய்க்கால் மேல் போட்டிருந்த சிமெண்ட் பலகையில் கால் வைக்கவே மாட்டேன் என்றது. இரண்டு பேர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னாலிருந்து மட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். இழுப்பதை நிறுத்தச் சொல்லி, பலகையிலிருந்து அதைத் தள்ளிக் கொண்டுபோனோம். காது முன்னால் விறைத்து, கழுத்து உயர்ந்து, மூச்சு அடங்குகிற ஓர் இடம் இருக்கும், அந்த இடத்துக்கு இரண்டு அடி முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கே தலைக்கயிற்றைத் தளர்த்திவிட்டு அதன் தோள்பட்டைக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். நிற்க நிற்க ஒரு காது மெல்ல என் பக்கம் திரும்பியது, பிறகு தலை தாழ்ந்தது, புஸ் என்று மூக்கால் காற்றை விட்டது. உடனே திருப்பி நடத்திக்கொண்டு வந்துவிட்டோம். அதற்குக் கிடைத்த பரிசு அதுதான்.

மறுபடி கொண்டுபோய் கயிற்றில் லேசாக அழுத்தம் கொடுத்தேன், இழுக்கவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்த நொடியிலேயே கயிறு தளர்ந்துவிட வேண்டும், கால் எடுத்து வைக்கட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விடுபடுகிற அந்தக் கணத்தால். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் கடிவாளம் போடுவது, வண்டியில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். அன்றைக்கு அது பலகையை மோந்து பார்த்து ஒரு குளம்பால் தட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். தோட்டக்காரருக்கு ஏமாற்றம்தான், "அவ்வளவுதானா?" என்றார். அவரே தினமும் கால் மணி நேரம் இதையே செய்தார், பக்கத்துத் தோட்டத்துக் கிழட்டுக் குதிரையை முன்னால் விட்டுப் பின்னால் கூட்டிவந்தார், ஒருநாள் கயிறு தொங்கியபடியே பலகையைக் கடந்துவிட்டது.

இந்தத் துணைக்குதிரை விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூட்டத்தில் வாழ்கிற பிராணியைத் தனியாக ஒரு கொட்டகையில் கட்டிவைத்துவிட்டு தைரியமாக இரு என்றால் எப்படி இருக்கும்? துணைக்கு வேறு குதிரை இல்லை என்றால் நீங்கள்தான் துணை. வேலை எதுவும் வாங்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நில்லுங்கள், பிடரி முடியும் இடத்தில் விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள், குதிரைகள் ஒன்றையொன்று கவ்விச் சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது. ஆனால் நேர் பின்னால் போய் நிற்காதீர்கள், அது குதிரையின் கண்ணுக்கு எட்டாத இடம். கயிற்றை எந்தக் காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மிரண்டு ஓடினால் விரல் போய்விடும்.

நேற்று வரை கடந்த இடத்தில் இன்றைக்கு மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் மறுபடி நிற்கும். போகும்போது பார்த்த நீலத் தார்ப்பாயைத் திரும்பி வரும்போது மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அதற்குப் புதுப் பொருள் மாதிரி. கோபப்படாமல் ஒரு படி பின்னால் போய் அதற்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள், இரண்டாவது தடவை நேரம் கம்மியாகத்தான் ஆகும்.

அடுத்த ஆடிக்குச் சந்தைக்குப் போகிறவர்கள், ஓட்டிக் காட்டுவதை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான்கு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சேணத்தை இறக்கச் சொல்லி முதுகைத் தொட்டுப் பாருங்கள், பல்லைப் பார்த்து வயதைச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். முன்பல் இன்னும் மாறாத குட்டி என்றால் இரண்டரை வயதுகூட ஆகவில்லை, முதுகெலும்பு முழுதாக வளர்ந்து முடிய ஐந்தாறு வயதாகும். அதன் மேல் இப்போதைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், கயிற்றைப் பிடித்துக் கூட நடக்கட்டும்.