அஃபெரிசிஸ்: தலை இழந்த ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

குருதியிலிருந்து வேண்டிய கூறை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை உடலுக்கே திருப்பும் முறைக்கு அஃபெரிசிஸ் என்று பெயர். இச்சொல்லைத் தமிழ்நாட்டில் பலரும் முதன்முதலாகக் கேட்டது, டெங்குக் காய்ச்சலில் படுத்த உறவினருக்காகத் தட்டணுக் (பிளேட்லெட்) கொடையாளரைத் தேடி அலைந்தபோதாக இருக்கும். மல்டிபிள் மயலோமா, லிம்ஃபோமா போன்ற புற்றுநோய்களுக்கு மிகுந்த அளவில் வேதிமருந்து கொடுப்பதற்கு முன்பு, நோயாளியின் குருதியிலிருந்தே குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்துச் சேமித்து வைக்கும் பணிக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அதற்கு நாம் எழுதிவரும் தமிழ்ச் சொற்களில் எது தகும், எது தகாது என்பது தெளிவாகும்.

கிரேக்கத்தில் 'அப்போ' என்பது விலகலைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஹைரெயின்' என்பது எடுத்தலைக் குறிக்கும் வினை. இரண்டும் சேர்ந்த 'அஃபைரெசிஸ்' என்ற பெயருக்கு அகற்றி எடுத்தல் என்பது பொருள். மருத்துவத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இது இலக்கணத்தில் புழங்கிய சொல். ஒரு சொல்லின் முதலில் உள்ள ஒலி மறைவதை மேலை இலக்கணிகள் இப்பெயரால் குறித்தார்கள். தாமரை என்பது 'மரை' என நிற்பதை நன்னூல் வழிவந்தோர் முதற்குறை என்பார்களே, ஏறத்தாழ அதுவே. 1914ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபெலும் அவருடன் பணியாற்றியவர்களும் நாயின் குருதியை எடுத்து, பிளாஸ்மா எனப்படும் நீர்மத்தை நீக்கி, அணுக்களை மட்டும் உடலுக்குத் திருப்பிச் செலுத்தியபோது, 'பிளாஸ்மா' என்பதோடு இதனை இணைத்துப் 'பிளாஸ்மஃபெரிசிஸ்' என்றார்கள். இரு சொல்லுக்கும் பொதுவான அகரம் நடுவில் நின்றதால், பின்வந்தோர் அதனைப் பிளாஸ்மாவுக்கே உரியதாகக் கொண்டு, 'ஃபெரிசிஸ்' என்பதைத் தனிச் சொல்லாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள். முதற்குறையின் பெயரே முதற்குறைக்கு ஆளானது என்று சொல்லலாம். விளையாட்டு அதோடு நிற்கவில்லை: தலை இழந்த 'ஃபெரிசிஸ்' சுமத்தலைக் குறிக்கும் 'ஃபெரெயின்' என்ற வேறொரு கிரேக்க வினையிலிருந்து பிறந்ததுபோல் தோற்றம் காட்டும். மருத்துவமனைப் பேச்சில் இன்றும் அந்தக் குறை வடிவம் உண்டு.

இச்சொல்லில் ஒரு போதாமை தொடக்கம் முதலே இருந்தது. எடுத்தலைச் சொல்லும் அது, திருப்பிக் கொடுத்தலைச் சொல்லவில்லை. ஏபெல் குழுவினரே தம் கட்டுரைத் தலைப்பில் 'அணுக்களைத் திருப்பி அளித்து' என்று தனியே சேர்க்க வேண்டியிருந்தது. பணியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை நோயாளியின் குருதி குழாய் வழியாகக் கருவிக்குச் செல்கிறது. அங்கே வேகமாகச் சுழலும்போது கனத்த சிவப்பணுக்கள் ஒருபுறமும் நீர்மம் மறுபுறமுமாகப் பிரிய, இடையில் மெல்லிய ஏடாக நிற்கும் வெள்ளணுப் படலத்தோடு குருத்தணுக்களும் சேகரிக்கப்படுகின்றன. எஞ்சியவை அனைத்தும் உடலுக்கே திரும்பிவிடுகின்றன. தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துக்கொண்டு மோரைப் பானையிலேயே விடுவதற்கு ஒப்பான செயல் இது. இந்த வகைக் கருவியை 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மருத்துவர் எமில் ஃப்ரைரைக்கோடு சேர்ந்து உருவாக்கிய ஜார்ஜ் ஜட்சன் மருத்துவரல்லர். மகனுக்குக் குருதிப் புற்றுநோய் வந்ததால் இத்துறைக்குள் நுழைந்த ஐபிஎம் பொறியாளர்.

அப்படியானால் 'கடைந்தெடுப்பு' என்று சொல்லலாமே என எனக்கும் ஓர் ஆசை எழுந்தது. ஆனால் நீர்மத்தைச் சவ்வினால் வடித்துப் பிரிக்கும் முறையும் அஃபெரிசிஸ்தான் என்பதால் அது பொருந்தாது. 'பிரித்தெடுப்பு' என்பதே தக்கது: பிரித்தல் என்றாலே எடுத்தது போக மிச்சம் ஒன்று உண்டு என்பது புலப்படுவதால், கிரேக்கம் விட்ட பாதியைத் தமிழ் தானாகவே சொல்லிவிடுகிறது. 'அறுவடை' என்று எழுதுவோரும் உளர். அது ஆங்கில வழக்கின் நேர்ப்பெயர்ப்பு. அறுத்தல் என்ற வினை நோயாளியை அஞ்சவைப்பதோடு, கத்தியே படாத ஒரு பணியைத் தவறாகவும் காட்டுகிறது.

எடுக்கப்படும் பொருளின் பெயரிலும் குழப்பம் உண்டு. 'தண்டுவட செல்' என்று சில செய்திகளில் வருவது முழுப்பிழை. தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தொகுதி. ஜெர்மானிய அறிஞர் ஹேக்கல் 1868இல் 'ஷ்டாம்ட்செல்லெ' (ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்') என்று எழுதியபோது கருதியது மூல உயிரை, குடிவழியின் தொடக்கத்தை. வெறும் செடித்தண்டை அன்று. வாழையிலும் பனையிலும் அடுத்த இலை எதிலிருந்து விரியுமோ அதன் பெயர் குருத்து. ஆகவே 'குருத்தணு' மூலத்தைவிடவும் பொருத்தமானது என்பேன்.

இக்குருத்தணுக்கள் வழக்கமாக எலும்பு மச்சையில் தங்குபவை. ஃபில்கிராஸ்டிம் ஊசியை நான்கைந்து நாள் போட்டு அவற்றைக் குருதிக்கு வரவழைத்த பின்னரே பிரித்தெடுப்பு தொடங்கும். நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 20 இலட்சம் குருத்தணுக்கள் வேண்டும் என்பது பொதுக் கணக்கு; ஒரு நாளில் சேராவிட்டால் மறுநாளும் எடுப்பார்கள். குருதி உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் உதட்டோரம் மதமதப்பது உண்டு.

சொந்த அணு என்பதைக் காட்ட, புணர்ச்சி விதிப்படி 'தற்குருத்தணு' என்று சேர்த்து எழுதலாம். தற்காப்பு, தற்பெருமை ஆகியவை அவ்வாறு அமைந்தவை. ஒப்புதல் படிவத்தைப் படிக்கும் நோயாளிக்கோ 'தன் குருத்தணுப் பிரித்தெடுப்பு' என்று பிரித்து எழுதினால் உடனே விளங்கும். படிவத்தில் சொற்செறிவைவிட விளக்கத்துக்கே முதலிடம் தருவேன். உறைநிலையில் காத்த அணுக்களைப் பின்னர் அவருக்கே செலுத்துவதை 'மாற்று அறுவைச் சிகிச்சை' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அங்கே மாற்றாள் யாரும் இல்லை, அறுவையும் இல்லை. உறைநீக்கிய பையிலிருந்து குருதி ஏற்றுவதுபோல் சிரை வழியே செலுத்துகிறார்கள். 'தன் குருத்தணு மீள்செலுத்தல்' என்றால் நடப்பது நடந்தபடி இருக்கும்.