64இல் ஒரு முறை தோன்றும் முகம்

ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு விளக்கு விசை. பக்கத்தில் ஒரு சிறுமி. எதிரே போய் நின்றாலும் வாய் திறப்பதில்லை. விசையை அழுத்தினால் அறை இருளும், மறுபடி அழுத்தினால் வெளிச்சம் வரும். பத்து முறை அழுத்திப் பார்த்தவர் அலுத்துப்போய் வெளியேறிவிடுவார். சலிக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பவருக்கு, ஏதோ ஒரு முறை விளக்கு அணைந்ததும் சிறுமி இருந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாக, உருகி வழிவதுபோல ஒரு முகம் தெரியும். பின்னணி ஒலி ஓலமாக மாறும். அதைத் தொட்டால் வேறோர் இடத்துக்குப் போய் விழுவோம். அங்கிருந்து நடந்து வெளியே வர வழியில்லை.

2004இல் ஜப்பானில் கிகியாமா என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட 'யுமே நிக்கி' என்ற கணினி விளையாட்டில் இருக்கிறது இந்த அறை. அந்த முகத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் உபோவா. அது தோன்றும் வாய்ப்பு 64இல் ஒன்று. அதாவது 64 முறை விளக்கை அணைத்தவர்களில்கூட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானோர் அதைப் பார்க்காமலே போய்விடக்கூடும்.

இதன் பின்னால் இருக்கும் பொறி மிக எளியது. விசை அழுத்தப்பட்டதும் ஒரு தற்செயல் எண்ணை எடு. அது குறிப்பிட்ட எண்ணாக இருந்தால் படத்தை மாற்று, ஒலியை மாற்று. இல்லாவிட்டால் விளக்கை மட்டும் அணை. நிரல் எழுதத் தெரியாதவர்கூடப் பட்டியலிலிருந்து கட்டளைகளைத் தேர்ந்தெடுத்து இதை அமைத்துவிடலாம். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விசையை நினைத்தால் பலருக்கு உடல் சிலிர்க்கிறது. பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டி வரையும் அரக்கர்கள் ஓராண்டில் மறந்துபோகிறார்கள், இந்த முகம் மறந்துபோகவில்லை. என் எண்ணத்தில், தனியாளாகவோ சிறு குழுவாகவோ உருவாக்கப்படும் இண்டி திகில் விளையாட்டுகளின் வளர்ச்சிக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. பாத்திரமேற்று ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டில் அச்சம் முதலில் பிறப்பது ஆட்டத்தின் விதிமுறையில்தான். படம் அதற்குப் பிறகு வருகிறது. விதிமுறையை எழுதப் பணம் தேவையில்லை.

ஆர்.பி.ஜி. என்ற வகை அடிப்படையில் நம்பிக்கையின் கணக்கு. 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' அந்தக் கணக்கை ஜப்பானில் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. எதிரியை அடி, அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் நிலை உயரும். நேற்று நடுங்கவைத்தவன் இன்று ஒரே அடியில் விழுவான். உழைத்தால் வளர்வாய் என்பது அதன் உறுதிமொழி. திகில் ஆர்.பி.ஜி. அந்த உறுதிமொழியை முறிக்கிறது.

இதன் வேர் கணினிக்கும் முந்தையது. 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த 'கால் ஆஃப் கதுலு' மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பகடையும் வைத்து ஆடுவது. அதில் உடல் வலிமையோடு மனத்தெளிவுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. மறைபொருள்களைப் பற்றிய அறிவு எவ்வளவு கூடுகிறதோ, மனத்தெளிவு எட்டக்கூடிய உச்சவரம்பு அவ்வளவு குறையும். தெரிந்துகொண்டால்தான் பிழைக்கலாம், தெரிந்துகொண்டாலோ சிதைவாய். ஒரே ஒரு கழித்தல் கணக்கு, ஒரு பெரும் துயரக் கதையையே சொல்லிவிடுகிறது. 1989இல் கேப்காம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்' இதே இறுக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. பாழடைந்த மாளிகையில் ஐந்து பேர். ஒருவர் இறந்தால் இறந்ததுதான், உயிர்ப்பிக்க மந்திரம் கிடையாது. 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' இந்த விளையாட்டை மறு ஆக்கம் செய்யும் முயற்சியாகவே தொடங்கியது.

இந்த முறிவை எல்லைவரை கொண்டுபோனவர் பின்லாந்தைச் சேர்ந்த மிரோ ஹவேரினன். அவருடைய 'ஃபியர் அண்ட் ஹங்கர்' 2018இல் வெளியானது. வயது வந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அதன் வன்முறை எல்லோராலும் தாங்கக்கூடியதும் அல்ல. அதில் அனுபவப் புள்ளியே கிடையாது. சண்டையில் வென்றால் வளர்ச்சி இல்லை. இழந்த கையோ காலோ இல்லாமல்தான் மீதிப் பாதாளத்தைக் கடக்க வேண்டும். எந்த நேரமும் பசி ஏறிக்கொண்டே இருக்கும். இவ்வளவுக்கும் நடுவே ஒரு கட்டில் கண்ணில் படுகிறது. படுத்தால் ஆட்டத்தைச் சேமிக்கலாம். ஆனால் படுப்பதற்கு முன் திரையில் ஒரு நாணயம் சுழலும். தலையா பூவா? தவறாகச் சொன்னால் சேமிப்பு இல்லை. இப்படி அடுத்தடுத்து மூன்று முறை சரியாகச் சொல்லும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். மற்ற விளையாட்டுகளில் சேமிக்கும் இடத்தைக் கண்டால் பெருமூச்சு வரும். இங்கே அந்த இடத்தில்தான் மூச்சு நின்றுவிடுகிறது.

ஏன் நாணயம்? நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பில் தண்டனை வைத்தால் இன்னும் கொடூரமாக இருக்காதா? யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 45 பேரைக் கணினியில் கற்களைப் புரட்டிப் பார்க்கும் ஆட்டம் ஆடவைத்தார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி கிடைக்கும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கும் என்பதை ஆடி ஆடித்தான் ஊகிக்க வேண்டும். அந்த வாய்ப்பும் இடையிடையே மாறிக்கொண்டே இருக்கும். கண்மணி விரிவதையும் தோலில் வியர்வை ஊறுவதையும் அளந்தபோது, மன அழுத்தம் உச்சத்தைத் தொட்டது வாய்ப்பு சரிபாதியாக, 50 விழுக்காடாக இருந்தபோதுதான். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில்கூட அவ்வளவு அழுத்தம் இல்லை. வருவது உறுதியானால் மூளை அதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. வருமா வராதா என்ற இழுபறியில் எதற்கென்று ஆயத்தமாவது?

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. நிச்சயமின்மை கூடிக் குறையும்போது யாருடைய அழுத்தம் கூடவே ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பு இருக்கும் கல்லை மற்றவர்களைவிடச் சரியாக ஊகித்தார்கள். பதற்றம் கற்றலுக்கு உதவுகிறது. திகில் ஆர்.பி.ஜி. ஆடுகிறவர் இறந்து இறந்து கற்பவர். எந்தக் கதவைத் திறக்கக் கூடாது, எந்த எதிரியிடம் எந்தக் கையை முதலில் வெட்ட வேண்டும் என்று அவர் மனத்தில் தேங்குவதுதான் அங்கே உண்மையான அனுபவப் புள்ளி.

அச்சத்துக்குத் தூரமும் உண்டு. 2007இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து ஆட்களை ஒரு துரத்தல் விளையாட்டு ஆடச் செய்தார்கள். பிடிபட்டால் மின்னதிர்ச்சி. வேட்டைக்காரன் தொலைவில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னால் உள்ள, திட்டமிடும் பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. அவன் நெருங்க நெருங்க அந்தச் சுறுசுறுப்பு நடுமூளையில் உள்ள, பரிணாமத்தில் மிகப் பழைய பகுதிக்கு நகர்ந்தது. உறைவதும் ஓடுவதும் அதன் வேலை. திடீரென்று முகத்தில் பாயும் காட்சி இந்தப் பழைய மூளையைத்தான் குத்துகிறது. குத்து வலிக்கும், ஆனால் ஐந்து நொடியில் தீர்ந்துவிடும். முறை வைத்துச் சண்டையிடும் ஆர்.பி.ஜி. வேறொன்றைச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அரக்கன் எதிரே நிற்கிறான், ஆனால் நாம் கட்டளை கொடுக்கும் வரை அசையமாட்டான். ஓடவும் முடியாது, யோசிக்காமல் இருக்கவும் முடியாது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் அவனைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடலாம். அந்த நேரத்தை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்கிறோம்.

படம் எளிமையாக இருப்பதும் இங்கே குறையாகத் தெரிவதில்லை. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கண்டாலே மூளை முகத்தைக் கண்டுபிடித்துவிடும். மீதியை அவரவர் கற்பனை நிரப்பும். போலந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் பாவெல் கோஷ்மின்ஸ்கி 'வேர்ல்ட் ஆஃப் ஹாரர்' விளையாட்டின் படங்களை வரைந்தது கணினியோடு இலவசமாக வரும் பெயின்ட் மென்பொருளில்தான். 2012இல் வந்த 'இப்' விளையாட்டில் சிறுமி ஒருத்தி ஓவியக் கூடத்துக்குள் சிக்கிக்கொள்கிறாள். அவள் உயிர் ஒரு சிவப்பு ரோஜா. அடிபட்டால் ஓர் இதழ் உதிரும், தண்ணீர்க் குடுவையில் வைத்தால் மீண்டும் மலரும். மொத்தம் ஐந்தே இதழ்கள். உயிர் நூற்றுக்கு இருபது என்று எண்ணாகக் காட்டினால் மனம் அசையாது. ஒற்றை இதழோடு தாழ்வாரத்தில் நடந்தவருக்கு அந்த வேறுபாடு தெரியும்.

இத்தனையும் சாத்தியமானது ஒரு கருவியால். 1992இல் ஜப்பானில் அஸ்கி நிறுவனம் ஆர்.பி.ஜி. உருவாக்கும் மென்பொருளைக் கணினிக்கு வெளியிட்டது, ஆர்.பி.ஜி. மேக்கர் என்று பின்னாளில் உலகம் அறிந்த வரிசை அங்கேதான் தொடங்கியது. வரைபடம், உரையாடல், சண்டை எல்லாம் ஆயத்தமாக இருந்தன. கதை மட்டும் கொண்டுவந்தால் போதும். நான்கே ஆண்டுகளில் அதைக் கொண்டே 'கார்ப்ஸ் பார்ட்டி' உருவானது. 'யுமே நிக்கி'யும் 'இப்'பும் 'ஃபியர் அண்ட் ஹங்க'ரும் அதே வரிசையின் பிந்தைய பதிப்புகளில் செய்யப்பட்டவை. ஜப்பானிய விளையாட்டுகளை ரசிகர்களே ஊதியம் இல்லாமல் மொழிபெயர்த்தார்கள். ஆடுவதைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறவர்கள் பெருகினார்கள். ஒருவர் அலறுவதைப் பார்த்து ஆயிரம் பேர் அதே விளையாட்டைத் தேடினார்கள். 2017 முதல், கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் 100 டாலர் கட்டணம் செலுத்தி யாரும் தம் விளையாட்டை விற்பனைக்கு வைக்கலாம் என்று ஆனது. சாந்தமான வண்ணங்களுக்குள் ஆறாத குற்றவுணர்வை ஒளித்துவைத்த 'ஓமோரி', 2014இல் மக்களிடம் நிதி திரட்டத் தொடங்கி 2020 டிசம்பரில் வந்துசேர்ந்தது. ஆறாண்டுகள் காத்திருந்தவர்கள் அதைக் கைவிடவில்லை.

இவ்வளவு வாதையை ஏன் ஒருவர் விரும்பித் தேடுகிறார்? டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயப்படச் செல்லும் பேய்வீடு ஒன்றில் 110 பேருக்கு இதயத்துடிப்பு மானியைக் கட்டி அனுப்பினார்கள். 2020இல் வெளியான முடிவு, பயமும் இன்பமும் கவிழ்த்த கிண்ண வடிவில் உறவு கொண்டிருப்பதைக் காட்டியது. பயம் குறைந்தால் சலிப்பு; மிஞ்சினால் வேதனை; நடுவில் ஓர் உச்சம். அந்த உச்சம் ஆளுக்கு ஆள் மாறும். பேய்வீட்டுக்குள் போனவருக்கு வேகம் அவர் கையில் இல்லை. ஆர்.பி.ஜி.யில் இருக்கிறது: மெதுவாக நடக்கலாம், கதவருகே நிற்கலாம், நாளைக்கு வரலாம். தன் கிண்ணத்தின் உச்சியை ஆடுபவர் தானே தேடிக்கொள்கிறார்.

'யுமே நிக்கி'யில் இதற்கென்றே ஒரு விசை இருக்கிறது. அதில் ஆடுபவர் இயக்குவது கனவு காணும் ஒரு பெண்ணை. கனவில் எங்கே நின்றாலும் அந்த விசையை அழுத்தினால் அவள் தன் கன்னத்தைக் கிள்ளிக்கொள்வாள். அடுத்த கணம் தன் படுக்கையில் கண்விழிப்பாள். உபோவாவிடம் சிக்கி, அங்கும் இங்கும் நடந்து, வழியில்லை என்று உணர்ந்தவர் கடைசியில் அழுத்துவது அதைத்தான். அந்த விசை எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பழகிய பிறகே பலர் மறுபடி அந்த அறைக்குப் போய் விளக்கை அணைக்கிறார்கள்.